படகு புகை விடக்கூடாது!
தூண்டில்காரர்களைத் தேடி வந்த சட்டம்

ஒரு மூங்கில் கழி. நாலு முழம் நரம்பு. ஒரு முள். முள்ளுக்கு மேலே ஒரு தக்கை. கொட்டாங்கச்சியில் கொஞ்சம் மண்புழு.

சுத்துக்கேணியில் மீன் பிடிக்க இவ்வளவு போதும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கரையோரம் குந்தியிருக்கும் பையன்களைப் பார்க்கலாம். கெண்டை விழும். கெளுத்தி விழும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு விரால் விழும். அன்று வீட்டில் குழம்பு மணக்கும்.

இந்தத் தூண்டிலுக்கு பெட்ரோல் வேண்டாம். டீசல் வேண்டாம். இதிலிருந்து புகையும் வராது.

ஆனால் தூண்டில் போடுவது எல்லா ஊரிலும் இப்படி இல்லை. அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டு எடுத்த கணக்குப்படி, பொழுதுபோக்குக்காக மீன் பிடித்தவர்கள் சுமார் 4 கோடிப் பேர்! சாப்பாட்டுக்கு வழி இல்லாமல் பிடிப்பவர்கள் அல்ல. விற்கப் பிடிப்பவர்களும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனைவி, மக்களோடு ஏரிக்கோ கடலுக்கோ போய், தூண்டில் போட்டு, மீனோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர்கள். சிலர் பிடித்த மீனைத் தடவிக் கொடுத்து மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். நம் ஊர்ப் பெண்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

இந்தக் கூட்டத்தில் பெரும் பகுதியினருக்குப் படகு வேண்டும். படகுக்கு இஞ்சின் வேண்டும். இஞ்சின் புகை விடும். அந்தப் புகையின் மேல் சட்டம் பாய்ந்தது. பாய்ந்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கதை.

ஐஸ்கிரீம் உருகியது, இஞ்சின் பிறந்தது

படகின் பின்பலகையில் மாட்டிக்கொள்ளும் சிறு இஞ்சினைப் புதுச்சேரிக் கடற்கரையில் பார்த்திருப்பீர்கள். அதைப் பிரபலமாக்கியவர் ஓலே எவின்ரூட். நார்வே நாட்டில் பிறந்து, அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்தில் குடியேறியவர்.

அவருக்கு எப்படி அந்த யோசனை வந்தது? அதற்கு ஒரு கதை சொல்லுவார்கள். ஒரு கோடைக்காலம். ஏரிக்கு நடுவே இருந்த தீவுக்குக் காதலி பெஸ்ஸை அழைத்துப் போயிருந்தார். "ஐஸ்கிரீம் இருந்தால் நன்றாயிருக்கும்" என்றாள் பெஸ். உடனே எவின்ரூட் துடுப்பை எடுத்தார். கரைக்குப் போனார். வாங்கினார். வேர்த்து விறுவிறுக்கத் திரும்பினார். வந்து சேருவதற்குள் ஐஸ்கிரீம் தண்ணீராகிவிட்டது!

அன்று கை வலியோடு யோசித்தவர், 1909-ல் இஞ்சின் விற்கத் தொடங்கினார். எடை 62 பவுண்டு. சக்தி ஒன்றரைக் குதிரை. ஒரு ஆள் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் படகில் மாட்டலாம். பெஸ்ஸைத்தான் அவர் கலியாணம் செய்துகொண்டார். கம்பெனிக் கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொண்டவளும் அவள்தான்.

மீன் பிடிக்கிறவர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம். துடுப்புப் போட்டு அரை நாளில் போகிற இடத்துக்கு அரை மணியில் போனார்கள். எவின்ரூட் பெயர் ஊரெல்லாம் பரவியது.

நாலில் ஒரு பங்கு தண்ணீரில்!

இந்த இஞ்சின்களில் பெரும்பாலானவை 'டூ ஸ்ட்ரோக்' ரகம். அது என்ன ரகம்?

பழைய ஸ்கூட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் போடும்போதே கூட ஆயிலும் ஊற்றச் சொல்லுவார்கள். கிளம்பினால் பின்னால் நீலப் புகை. பக்கத்து வீட்டுக்காரர் இருமுவார். அதே ரகம்தான் படகிலும்.

இந்த ரகத்தில் ஒரு கோளாறு உண்டு. புதிய பெட்ரோல் உள்ளே வரும் வழியும், எரிந்த புகை வெளியே போகும் வழியும் ஒரு கணம் சேர்ந்தாற்போல் திறந்திருக்கும். வருகிற பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு வெளியே ஓடிவிடும். கொஞ்ச நஞ்சம் அல்ல, நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு வரை! நாலு லிட்டர் ஊற்றினால் ஒரு லிட்டர் வீண்.

ஸ்கூட்டரில் அது காற்றில் போகிறது. படகு இஞ்சினின் புகைவாய் தண்ணீருக்குள் இருக்கிறது. ஆகவே பெட்ரோலும் ஆயிலும் நேரே தண்ணீருக்குப் போகும். மீன் முட்டையிடும் தண்ணீருக்கு, ஊர் குடிக்கும் தண்ணீருக்கு!

மீனை விரும்பிப் போனவர்களே மீன் குஞ்சுக்கு விஷம் வைத்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்து செய்யவில்லை. ஆனால் செய்தார்கள்.

1996-ல் வந்த சட்டம்

அமெரிக்க சர்க்காரின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா 1996-ல் ஒரு விதி போட்டது. படகில் மாட்டும் பெட்ரோல் இஞ்சின்களும், தண்ணீர் ஸ்கூட்டர்களும் விடும் எரியாத எண்ணெய்ப் புகை குறையவேண்டும். நூற்றுக்கு 75 பங்கு குறைப்பதே நோக்கம்.

ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. 1998-ல் தொடங்கி, வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 2006-ல் முடிக்கவேண்டும். விதி புது இஞ்சினுக்கு மட்டும். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர் பழையதை ஓட்டிக்கொள்ளலாம். பொறுப்பு முழுவதும் இஞ்சின் செய்யும் கம்பெனிகளின் தலையில்.

கலிபோர்னியா மாகாணம் இதைவிட அவசரப்பட்டது. மற்றவர்கள் 2006-ல் எட்டவேண்டிய அளவை அங்கே 2001-லேயே எட்டச் சொன்னார்கள். இஞ்சினுக்கு நட்சத்திரம் ஒட்டும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தார்கள். எத்தனை நட்சத்திரம் அதிகமோ, அவ்வளவு புகை குறைவு. படிக்கத் தெரியாதவரும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். நல்ல யோசனை!

தூண்டில்காரர்கள் சும்மா இருக்கவில்லை. "புது ரகம் விலை அதிகம்" என்றார்கள். "எடை அதிகம். என் சின்னப் படகின் பின்பலகை தாங்காது" என்றார்கள். இரண்டும் உண்மைதான். புகை குறைந்த 'போர் ஸ்ட்ரோக்' இஞ்சின் அந்நாளில் பழைய ரகத்தைவிடக் கனமாக இருந்தது. விலையும் கூடுதல்.

ஏரியில் பூட்டு

கலிபோர்னியாவுக்கும் நெவாடாவுக்கும் நடுவே மலைமேல் தாஹோ என்று ஒரு ஏரி. ஆழம் 500 மீட்டருக்கும் மேல். தண்ணீர் கண்ணாடி போல் இருக்கும். சுற்றியுள்ள ஊர்களுக்கு அதுவே குடிநீர்.

அந்தத் தண்ணீரில் பெட்ரோலின் சரக்குகள் கலந்திருப்பதை ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அவற்றில் சிலவற்றின் மேல் வெயில் பட்டால் விஷம் இன்னும் ஏறுகிறது. தண்ணீர் தெளிவாக இருப்பதால் வெயில் ஆழம்வரை இறங்குகிறது. மீன் குஞ்சுகள் தாங்குவதில்லை. இதுவும் தெரிந்தது. ஏரியின் அழகே அதற்கு எமனாக முடிந்தது!

1999 ஜூன் 1 முதல் பழைய ரக டூ ஸ்ட்ரோக் இஞ்சின்களை அந்த ஏரியில் இறக்கக்கூடாது என்று தடை போட்டார்கள். பிறகு தண்ணீரைச் சோதித்தபோது பெட்ரோல் சரக்கு பெருமளவு குறைந்திருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 1996-ன் விதி கம்பெனியைத் தொட்டது. இந்தத் தடை, படகு வைத்திருந்தவனைத் தொட்டது. நல்ல இஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்கு என்றது. வசதி உள்ளவர் வாங்கினார். இல்லாதவர் வேறு ஏரிக்குப் போனார்.

சாய்ந்த ஆலமரம்

புகை குறைக்க இரண்டு வழி இருந்தது. ஒன்று, போர் ஸ்ட்ரோக்குக்கு மாறுவது. ஜப்பான் கம்பெனிகள் அதில் கைதேர்ந்தவை. இன்னொன்று, டூ ஸ்ட்ரோக்கையே வைத்துக்கொண்டு, புகைவாய் மூடிய பிறகு பெட்ரோலைப் பீய்ச்சுவது.

எவின்ரூட் இஞ்சினை அப்போது செய்துவந்த பெரிய கம்பெனி இரண்டாவது வழியில் பணத்தைக் கொட்டியது. ஜெர்மனியில் உருவான ஒரு முறையை வாங்கிப் புது இஞ்சின் செய்தது. அவசரத்தில் செய்ததில் பல இஞ்சின்கள் பழுதாயின. வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 2000 டிசம்பரில் கம்பெனி திவால்! ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

2001-ல் பொம்பார்டியர் என்ற கனடா நாட்டுக் கம்பெனி அந்தப் பெயரை வாங்கியது. கோளாறுகளைச் சரிசெய்து, புகை குறைந்த டூ ஸ்ட்ரோக்கை மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை. 2020 மே மாதம், கொரோனா காலத்தில், எவின்ரூட் இஞ்சின் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். ஐஸ்கிரீம் வாங்கப் போனவர் தொடங்கியது 111 வருஷத்தில் முடிந்தது.

இந்தச் சாவுக்குச் சட்டம்தான் காரணமா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. அதே சட்டத்தின் கீழ் வேறு கம்பெனிகள் கொழித்தன.

சரி, தூண்டில்காரர் என்ன ஆனார்? இதுதான் வேடிக்கை. விலை கூடக் கொடுத்தவர், பெட்ரோலில் மிச்சம் பிடித்தார். புது இஞ்சின் சத்தம் குறைவு. பழைய இஞ்சின் மெதுவாக ஓட்டினால் திக்கித் திணறும். பிளக்கில் ஆயில் அடையும். தூண்டிலை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லப் போவதுதான் பெரிய மீன் பிடிக்கிற வித்தை. அதற்குப் புது ரகம் பழையதைவிட வசதி. கத்தியவர்களில் பலர் பிறகு வாய் திறக்கவில்லை.

டிக்கெட் வாங்கி மீன் பிடிப்பவர்கள்

சொந்தப் படகு உள்ளவர் கதை இப்படி முடிந்தது. சொந்தப் படகு இல்லாதவர் கதை வேறு.

கலிபோர்னியாவில் சான் டீகோ போன்ற துறைமுகங்களில் பெரிய டீசல் படகுகள் உண்டு. பஸ்ஸில் டிக்கெட் வாங்குவது போல் இடம் வாங்கிக்கொண்டு ஏறலாம். தூண்டில் வாடகைக்குக் கிடைக்கும். அரை நாள், ஒரு நாள், சில சமயம் பல நாள் கடலில் இருந்துவிட்டு வருவார்கள். சூரை மீன் பிடிப்பார்கள். தொழிற்சாலைத் தொழிலாளி, பள்ளி ஆசிரியர், பேரனைக் கூட்டிக்கொண்டு வரும் தாத்தா, எல்லாரும் இதில் ஏறுகிறவர்கள். கோடீசுவரனுக்குச் சொந்தப் படகு உண்டு. அவன் ஏன் டிக்கெட் வாங்குகிறான்?

2022 மார்ச்சில் கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் துறைமுகப் படகுகளுக்கு ஒரு கடுமையான விதியை நிறைவேற்றியது. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இழுவைப் படகு, பயணிகள் படகு ஆகியவற்றோடு இந்தத் தூண்டில் படகுகளும் அதில் மாட்டின. பழைய டீசல் இஞ்சினை எடுத்துவிட்டு நவீன இஞ்சின் வைக்கவேண்டும். பல படகுகளில் கரிப்புகையை வடிகட்டும் சல்லடையும் பொருத்தவேண்டும்.

வாரியத்தின் கட்சி பலமானது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-லேயே உறுதி சொல்லிவிட்டது. துறைமுகத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள் ஏழைகள். ராப்பகலாக அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் அவர்கள். அவர்கள் குழந்தைகளுக்கு யார் பதில் சொல்வது?

படகுக்காரர்களின் கட்சியையும் தள்ளிவிட முடியாது. "எங்கள் படகு மரத்தாலும் கண்ணாடி நாராலும் ஆனது. புது இஞ்சினும் சல்லடையும் உள்ளே நுழைய இடம் இல்லை. படகையே மாற்றச் சொல்லுகிறீர்கள். அந்தச் சல்லடை கொதிக்கும் சூடு. நடுக்கடலில் தீப்பிடித்தால் யார் காப்பாற்றுவது?" என்று கேட்டார்கள். பலருக்கு இருப்பது ஒரே படகு. அப்பன் ஓட்டியது, பிள்ளை ஓட்டுகிறான். புதுப் படகு கட்டினால் டிக்கெட் விலை ஏறும். ஏறினால் தாத்தாவும் பேரனும் வரமாட்டார்கள்.

வாரியம் கொஞ்சம் இறங்கி வந்தது. தூண்டில் படகுகளுக்கு மற்றப் படகுகளைவிட நீண்ட தவணை கொடுத்தது. வாதம் அதோடு ஓயவில்லை.

1996-ன் விதி வெற்றி பெற்றது. 2022-ன் விதி சண்டையில் நின்றது. வித்தியாசம் எங்கே? முன்னது, "இனிமேல் நல்ல இஞ்சின் செய்" என்று செய்கிறவனிடம் சொன்னது. பின்னது, "இருப்பதை மாற்று" என்று, கடன் வாங்கித் தொழில் செய்கிறவனிடம் சொன்னது. புகை ஒன்றுதான். செலவு யார் தலையில் விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இங்கே என்ன நிலைமை?

மறுபடி சுத்துக்கேணிக்கு வரவேண்டியிருக்கிறது. காரணம் உண்டு. சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக ஓடிப் போய்ச் சேரும் இடம் ஊசுட்டேரி. சுமார் 2000 ஏக்கர் பரப்பு. பாதி புதுச்சேரிக்கும் பாதி தமிழ்நாட்டுக்கும் சொந்தம். (சுத்துக்கேணியில் பழங்காலப் புதைகுழிகளைப் பிரெஞ்சுக்காரர்கள் தோண்டித் தங்க நகை எடுத்த கதை தனி. அதற்கு இங்கே இடமில்லை.)

ஊசுட்டேரிக்குக் குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வரும். புதுச்சேரி அரசாங்கம் தன் பங்கு ஏரியை 2008-ல் பறவைகள் சரணாலயம் ஆக்கியது. சுற்றுலாவுக்காகப் படகு விட்ட ஏரி அது. "மோட்டார் படகு வேண்டாம், சத்தமும் எண்ணெயும் பறவையை விரட்டும்" என்று பறவைப் பிரியர்கள் குரல் எழுப்பினார்கள். சரணாலயம் என்றால் மீன் பிடிப்பதற்கும் கட்டுப்பாடு வரும். புகையே விடாத மூங்கில் கழிக்கும், புகை விடும் படகுக்கும் ஒரே வேலி! கரையோரத்து மீனவக் குடும்பங்களுக்கு ஏற்பட்ட கவலை நியாயமானது.

இந்தியாவில் ஆறு, ஏரி, காயல்களில் ஓடும் எந்திரப் படகுகளுக்கு 1917-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டமே நீண்ட காலம் இருந்தது. அதை நீக்கிவிட்டு 2021-ல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. படகால் தண்ணீர் கெடக்கூடாது, அதற்குச் சான்றிதழ் வேண்டும் என்று அதில் ஒரு பகுதியே இருக்கிறது. காசியில் கங்கையில் ஓடும் டீசல் படகுகளைக் காஸ் படகுகளாக மாற்றும் வேலையும் 2021-ல் நடந்தது.

நோணாங்குப்பம் சுண்ணாம்பாற்றில் படகுக் குழாம் இருக்கிறது. கடலில் தூண்டில் போட ஆசைப்படும் வெளியூர்க்காரர்கள் புதுச்சேரிக்கும் வருகிறார்கள். வஞ்சிரம், பாறை, சீலா என்று அவர்கள் தேடும் மீனைத்தான் வீராம்பட்டினத்துக்காரரும் பிழைப்புக்குத் தேடுகிறார். ஒரே கடல், ஒரே ரக இஞ்சின். நாளைக்கு ஒரு புகை விதி இங்கே வந்தால், பொழுதுபோக்குக்காரர் புது இஞ்சின் வாங்கிவிடுவார். பைபர் படகுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பவர் என்ன செய்வார்? விதி எழுதுகிறவர்கள் முதலில் அவரிடம் போய்க் கேட்கவேண்டும்.

பாட்டரி வந்தது

புகையே இல்லாத படகு முடியாதா? முடியும். தூண்டில்காரர்கள் அதைச் சட்டத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்!

1934-லேயே அமெரிக்காவில் பார்கோ என்ற ஊரில், பாட்டரியில் ஓடும் சின்ன மோட்டாரைச் செய்து படகில் மாட்டினார்கள். மீன் மிரளக்கூடாது, அதுதான் எண்ணம். சத்தமில்லாமல் ஊர்ந்து போய் மீனுக்குப் பக்கத்தில் நிற்கலாம். இன்றும் பெரிய இஞ்சின் வைத்திருக்கும் ஏரித் தூண்டில்காரர்களில் பலர், முன்பக்கம் இப்படி ஒரு குட்டி மோட்டாரும் வைத்திருக்கிறார்கள். இடத்துக்குப் போகப் பெரியது. மீன் பிடிக்கச் சின்னது.

கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவே 2017 ஜனவரியில் 'ஆதித்யா' என்ற படகு ஓடத் தொடங்கியது. 75 பேர் ஏறலாம். கூரைமேல் சூரியத் தகடு. டீசல் நாற்றம் கிடையாது. பக்கத்தில் இருப்பவரோடு சத்தம் போடாமல் பேசலாம்.

ஏரிக்கும் காயலுக்கும் இது சரி. கடல்தான் சிக்கல். காயல் படகு கொஞ்ச தூரம் போய்த் திரும்பும். வஞ்சிரத்துக்குப் போகிறவர் விடியுமுன் கிளம்பிப் பல மைல் போகவேண்டும். எதிர்க்காற்றில் திரும்பவேண்டும். நடுவில் பாட்டரி தீர்ந்தால் மாற்றிக்கொள்ளக் கடலில் கடை இல்லை. அந்தத் தூரத்துக்குத் தேவையான பாட்டரியை ஏற்றினால், மீன் வைக்க இடம் இருக்காது. இன்றைக்கு அந்தப் படகின் பின்பலகையில் தொங்குவது எண்ணெய் குடிக்கும் இஞ்சின்தான்.